லேபிளுக்கு யார் பதில் எழுதுவது?

என் அத்தை பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பல வருஷம் மருந்தடித்தவர். விடியற்காலை பெரட்டு முடிந்ததும் பெண்கள் ஸ்டோருக்கு முன்னால் போய் நிற்பார்கள். களைக்கொல்லி உள்ளே கேனில் இருக்கும். கேன் மேல் மண்டையோட்டுப் படமும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் நிறைய வரிகளும் இருக்கும். ஆனால் கேன் ஸ்டோரைவிட்டு வெளியே வராது. உள்ளேயே தண்ணீரில் கலக்கி, பெயர் எதுவும் ஒட்டாத நீலத் தோம்பில் ஊற்றி லோரியில் ஏற்றுவார்கள். காட்டுக்குப் போவது அந்தத் தோம்புதான். அங்கே முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு ரப்பர் நிரைகளுக்கு நடுவே அடித்துக்கொண்டு போவார்கள்.

ரொம்ப நாள் கழித்து ஒரு தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது கேட்டேன்: "அந்த டின்னுல என்னா அத்தை எழுதியிருந்துச்சு?"

"எந்த டின்னு? நாங்க பாத்தது தோம்பத்தான். மண்டோர் சொன்னா அடிப்போம். நகம் கறுத்துப் போனப்பதான் அது என்னா மருந்துன்னே கேட்டோம்."

இந்தப் பதிலை நான் பல வருஷம் வேறொரு காரணத்துக்காக நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நான் இப்போது கூலிம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சோதனை இயந்திரங்களுக்கு உள்ளே ஓடும் அடிமட்ட நிரல்தான் என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய கோட் ஒன்றைத் திறந்தேன். நடுவில் விளங்காத நாலு வரி. அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'தொடாதே.' எழுதியவர் கம்பெனியை விட்டுப் போய் வருஷமாகிவிட்டது. ஏன் தொடக்கூடாது, எதைத் தொட்டால் என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. பெயரில்லாத தோம்பை என் முன்னால் இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

ஆபத்தான வேலை ஒன்றைத் தவிர்க்க முடியாதபோது அதன் நிபந்தனைகளை எங்கே, யாருக்காக எழுதி வைப்பது? கணினி நிரலாக்கத்தில் இந்தக் கேள்விக்கு எழுபது வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அது தொழில்நுட்பக்காரர்களுக்கு மட்டும் உரிய வரலாறு இல்லை என்று எனக்குத் தோன்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆபத்து என்ன என்று பார்த்துவிடுவோம். கணினியின் நினைவகத்தை நீண்ட லயமாக நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நிரலில் 'சுட்டி' என்பது அந்த வீட்டு எண் எழுதிய துண்டுச் சீட்டு. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய 'சி' மொழி, சீட்டில் என்ன எண் இருந்தாலும் நம்பிப் போய்க் கதவைத் திறக்கும். அந்த வீட்டில் இருந்தவர் காலிசெய்து போயிருக்கலாம். வேறு குடும்பம் வந்திருக்கலாம். லயமே அங்கே முடிந்திருக்கலாம். மொழிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. சீட்டு சரியா என்று பார்ப்பது நிரல் எழுதுகிறவரின் பொறுப்பு. இயங்குதளமோ இயந்திரத்தின் உள்நிரலோ எழுதும்போது இந்தச் சுதந்திரம் வேண்டும். வன்பொருளோடு நேராகப் பேச வேறு வழியில்லை. ஆனால் தவறான கதவைத் திறந்தால் அங்கேயே சத்தம் வரும் என்று சொல்ல முடியாது. எங்கேயோ, எப்போதோ, வேறொருவர் வீட்டில் பொருள் காணாமல் போகும்.

1949-இல் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் ஆலன் டூரிங் ஒரு சிறிய கட்டுரை வாசித்தார். பெரிய நிரல் ஒன்று சரியா என்று எப்படிச் சோதிப்பது என்பதுதான் கேள்வி. அவர் எடுத்த உதாரணம் பள்ளிக்கூடக் கூட்டல் கணக்கு. விடையை மட்டும் கொடுத்தால் சரிபார்க்கிறவர் முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் மிச்சம் வந்த எண்ணைப் பக்கத்தில் எழுதியிருந்தால் துண்டு துண்டாகச் சரிபார்க்கலாம். அதேபோல, நிரல் எழுதுகிறவர் அங்கங்கே 'இந்த இடத்தில் இது உண்மையாக இருக்க வேண்டும்' என்று எழுதிக்கொண்டே போகட்டும் என்றார். அப்போது உலகத்தில் இருந்த கணினிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இருபது வருஷம் கழித்து, 1969-இல், டோனி ஹோர் இதைக் கணித வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு நிரல் துண்டுக்கு முன்னால் ஒரு நிபந்தனை, பின்னால் ஒரு விளைவு. முன்நிபந்தனை உண்மையாக இருந்தால் மட்டுமே விளைவுக்கு உத்தரவாதம். இல்லையென்றால் எந்த உத்தரவாதமும் கிடையாது. 1980களில் பெர்ட்ராண்ட் மேயர் தன் 'ஐஃபல்' மொழியில் இதை ஒப்பந்தம் என்றே அழைத்தார். கூப்பிடுகிறவருக்கு ஒரு கடமை, கூப்பிடப்படுகிறவருக்கு ஒரு கடமை.

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் தொழில்துறை பெரும்பாலும் காதில் வாங்கவில்லை. வேகம் வேண்டும், நேரம் இல்லை. நிபந்தனைகள் எழுதியவரின் தலைக்குள்ளேயே இருந்தன. அவர் ரிடையர் ஆனால் அவையும் ரிடையர் ஆகிவிடும்.

அதன் விலை சிலரின் உடம்பில் தெரிந்தது. தெரக்-25 என்பது கனடாவில் தயாரான கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு விபத்துகளில் நோயாளிகள் மிதமிஞ்சிய கதிர்வீச்சைப் பெற்றார்கள், சிலர் இறந்தார்கள். அதன் மென்பொருளில் சில பகுதிகள் தெரக்-20 என்ற பழைய இயந்திரத்திலிருந்து வந்தவை. பழையதில் மென்பொருள் தவறினாலும் தடுப்பதற்குத் தனியாக மின்சுற்றுப் பூட்டுகள் இருந்தன. புதியதில் அவற்றை எடுத்துவிட்டார்கள், மென்பொருளே போதும் என்று. பிறகு தேடிப் பார்த்தபோது அதே மாதிரிப் பிழை தெரக்-20-இலும் இருந்தது தெரியவந்தது. அங்கே ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். 'எனக்குப் பின்னால் ஒரு பூட்டு இருக்க வேண்டும்' என்பது அந்த நிரலின் நிபந்தனை. அதை யாரும் எங்கும் எழுதவில்லை. நிரலுக்கே கூட அது தெரியாது.

இரண்டாவது கதை 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பி நாற்பது வினாடிக்குள் திசை மாறி, உடைந்து, தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. நாலு விஞ்ஞானச் செயற்கைக்கோள்கள் அதோடு போயின. காரணம் ஓர் எண். ராக்கெட்டின் கிடைவேகத்தோடு தொடர்புடைய 64-பிட் எண்ணை 16-பிட் முழு எண்ணாக மாற்றும் ஒரு வரி. 16 பிட்டில் 32,767-க்கு மேல் அடங்காது. எண் அதைத் தாண்டியது. பிரதான கணினியும் மாற்றுக் கணினியும் ஒரே மென்பொருளை ஓட்டியதால் இரண்டும் ஒரே காரணத்துக்காகச் செயலிழந்தன.

இதில் என்னை உலுக்குவது வேறு விஷயம். அந்த நிரல் ஏரியன் 4-இலிருந்து வந்தது. இப்படி மாற்ற வேண்டிய எண்கள் ஏழு இருந்தன. கணினிக்குச் சுமை கூடக்கூடாது என்று நாலுக்கு மட்டும் பாதுகாப்பு வைத்தார்கள், மூன்றை விட்டுவிட்டார்கள். அது கவனக்குறைவு இல்லை, யோசித்து எடுத்த முடிவுதான். ஏரியன் 4 பறக்கும் விதத்தில் அந்த மூன்றும் எல்லை தாண்ட வாய்ப்பில்லை. ஏரியன் 5 ஆரம்பத்திலேயே அதிகக் கிடைவேகம் எடுக்கும் ராக்கெட். விசாரணைக் குழு கண்டது இதுதான்: ஏன் பாதுகாப்பு தேவையில்லை என்ற நியாயம் நிரலுக்குள் எங்கும் எழுதப்படவில்லை. மலைபோல் ஆவணங்கள் இருந்தன. ஆபத்தான வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

ஸ்டோரில் கேன், காட்டில் தோம்பு.

மேயரும் ழான்-மார்க் ஜெசெக்கலும் 1997-இல் இதைப் பற்றி எழுதினார்கள். முன்நிபந்தனை எழுதாத ஒரு துண்டை எடுத்து வேறு இடத்தில் பயன்படுத்துவதே ஆபத்து என்பது அவர்களின் வாதம். ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் ஏரியன் 5-க்கு மாற்றும்போது யாராவது நின்று பார்த்திருக்க வாய்ப்பு உண்டு.

இங்கிருந்து ரஸ்ட் மொழிக்கு வரலாம். 2006-இல் கிரேடன் ஹோர் தனி முயற்சியாகத் தொடங்கினார். (டோனி ஹோர் வேறு, இவர் வேறு.) வான்கூவரில் அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்டின் மென்பொருள் அடிக்கடி செயலிழக்கும், அவர் படியேறிப் போவார். அந்த எரிச்சலில் தொடங்கியது என்று சொல்வார்கள். பிறகு மொசில்லா ஆதரவு கொடுத்தது. 2015 மே மாதம் 1.0 பதிப்பு வந்தது. ரஸ்ட் மொழியில் சீட்டுகளை எல்லாம் கம்பைலரே முன்கூட்டிச் சரிபார்க்கும். காலியான வீட்டு எண்ணை வைத்துக்கொண்டு போக விடாது.

ஆனால் வன்பொருளைத் தொடும்போதும், 'சி'யில் எழுதியதைக் கூப்பிடும்போதும் கம்பைலரால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அந்த இடங்களுக்காக 'அன்சேஃப்' என்ற சொல்லை மொழிக்குள் வைத்தார்கள். பாதுகாப்பற்றது என்று நேராக மொழிபெயர்த்தால் தப்பான அர்த்தம் வரும். 'இந்த இடத்தில் இயந்திரம் சரிபார்க்காது, மனிதர் சரிபார்த்திருக்கிறார்' என்பதே அதன் பொருள். கம்பைலரின் கண் எட்டாத இடத்தில் ஒருவர் கொடுக்கும் வாக்கு அது. இந்தச் சொல் ரஸ்டின் கண்டுபிடிப்பும் இல்லை. மோடுலா-3, சி-ஷார்ப் மொழிகளில் முன்பே இருந்தது. ரஸ்ட் சமூகம் புதிதாகச் செய்தது அதைச் சுற்றி ஓர் எழுத்துப் பழக்கத்தை வளர்த்ததுதான்.

அந்தப் பழக்கத்துக்கு இரண்டு பாதி. ஆபத்தான செயற்கூறு ஒன்றை எழுதுகிறவர் அதன் விளக்கத்தில் 'சேஃப்டி' என்று தலைப்பிட்டு, கூப்பிடுகிறவர் எதை உறுதிசெய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். உதாரணமாக: 'கொடுக்கும் எண் பட்டியலின் நீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.' இது லேபிள். இதோடு முடிவதில்லை. அதைக் கூப்பிடுகிறவரும் தன் வரிக்கு மேலே 'சேஃப்டி' என்று தொடங்கி ஒரு குறிப்பு எழுத வேண்டும்: 'மூன்று வரிக்கு முன் நீளத்தைச் சரிபார்த்தோம், அதன் பிறகு பட்டியல் மாறவில்லை.' இது லேபிளுக்கான பதில். நிபந்தனையைப் படித்தேன், இந்த இடத்தில் இந்தக் காரணத்தால் அது நிறைவேறுகிறது என்று கையெழுத்துப் போடுவது.

மொழியே கொஞ்ச காலம் இந்த இரண்டையும் குழப்பியது. செயற்கூறை 'அன்சேஃப்' என்று அறிவித்துவிட்டால் அதன் உள்ளே எல்லா ஆபத்தான வேலையையும் தனியாகக் குறிக்காமலே செய்யலாம் என்று இருந்தது. மற்றவரிடம் வாக்குக் கேட்பதும் நாமே வாக்குக் கொடுப்பதும் வேறு வேறு. 2025 பிப்ரவரியில் வந்த 2024 பதிப்பிலிருந்து, உள்ளேயும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லிக் கம்பைலர் எச்சரிக்கிறது. 2022 டிசம்பரில் லினக்ஸ் கருவுக்குள் ரஸ்ட் நுழைந்தபோது, 'சேஃப்டி' குறிப்பில்லாத ஆபத்தான துண்டு கூடாது என்பது அங்கே எழுத்துவிதியாகவே ஆனது.

குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கருவிகள் உண்டு. அது உண்மையா என்று பார்க்க ஆள்தான் வேண்டும். 'பாதுகாப்பானது, ஏனென்றால் பாதுகாப்பானது' என்ற தோரணையில் எழுதிய குறிப்புகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். கருவிக்கு அது போதும்.

அப்படியென்றால் எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். 2025 டிசம்பரில் ஒன்று நடந்தது. லினக்ஸ் கருவின் ரஸ்ட் பகுதிக்கு முதன்முறையாக ஒரு பாதுகாப்புக் குறைபாட்டு எண் வழங்கப்பட்டது. ஆண்ட்ராய்டின் 'பைண்டர்' பகுதியில், ஒரு பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை எடுக்கும் ஆபத்தான வரி. அதற்கு மேலே முறையான 'சேஃப்டி' குறிப்பு இருந்தது. இந்த உறுப்பு இந்தப் பட்டியலில் இருக்கும், இல்லையென்றால் எந்தப் பட்டியலிலும் இருக்காது என்று அது வாதம் செய்தது. உண்மையில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. வேறோர் இடத்தில் உறுப்புகளை எல்லாம் தற்காலிகப் பட்டியல் ஒன்றுக்கு மாற்றி, பூட்டை விடுவித்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஒரே சீட்டை ஒரே நேரத்தில் திருத்தினார்கள்.

குறிப்பு பிழையைத் தடுக்கவில்லை. ஆனால் நம்பிக்கை எங்கே தவறியது என்று ஒரு வாக்கியத்தின் மேல் விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. தப்பான வாக்கியத்தைத் திருத்தலாம். எழுதாத நம்பிக்கையை எங்கே போய்த் திருத்துவது?

இப்போது அத்தையிடம் திரும்புகிறேன். களைக்கொல்லியைப் பற்றி மலேசியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1974-இல் வந்தது, லேபிள் விதிமுறைகள் 1984-இல் வந்தன. முதல் பாதி, அதாவது 'கையுறை போடு, முகமூடி போடு, தோலில் பட்டால் கழுவு' என்பது, கேன் மேல் இருந்தது. இரண்டாவது பாதியைத்தான் யாரும் எழுதவில்லை. 'இன்றைக்கு இந்த நிரையில் இத்தனை பேர் அடிக்கிறார்கள், கையுறை கொடுத்தோம், தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அனுப்புகிறோம்' என்று பெரட்டுக் களத்தில் ஒருவரும் கையெழுத்துப் போட்டதில்லை. லேபிள் மட்டும் இருந்தால் அது எழுதியவரைத்தான் காப்பாற்றும். விபத்து நடந்தால் 'எழுதித்தான் வைத்திருந்தோமே' என்று சொல்லலாம்.

அந்த இரண்டாவது பாதியை வெளியிலிருந்து எழுத முயன்றவர்களில் ஐரின் ஃபெர்னாண்டஸ் முக்கியமானவர். சுங்கை பட்டாணியில் பிறந்தவர், தோட்டத்துப் பின்னணியிலிருந்து வந்தவர். 1991-இல் 'தெனாகானித்தா' அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பற்றி 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு பாராகுவாட்டைத் தடைசெய்வதாக அரசு அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது.

இங்கே நிரலாக்க வரலாற்றில் ஒரு சின்னச் செயற்கூறு ஞாபகத்துக்கு வருகிறது. 'சி' மொழியின் 'கெட்ஸ்'. வெளியிலிருந்து வரும் ஒரு வரியை வாங்கி நினைவகத்தில் போடும். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கவே கேட்காது. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். 'ஒருபோதும் பயன்படுத்தாதே' என்று கையேட்டிலேயே எழுதும் அளவுக்கு வந்தது. ஆனாலும் மொழியில் இருந்துகொண்டே இருந்தது. 2011-இன் தரநிர்ணயத்தில்தான் அதை நீக்கினார்கள்.

ஏன் எச்சரிக்கை போதவில்லை? 'கெட்ஸ்' கேட்ட நிபந்தனையை யாராலும் நிறைவேற்ற முடியாது. வெளியிலிருந்து வரும் வரி எவ்வளவு நீளம் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? கெடா வெயிலில் உடம்பு முழுக்க மூடிக்கொண்டு, முதுகில் பம்போடு, நாளைக்கு இத்தனை நிரை என்று கணக்கு வைத்து அடிக்கிறவர் லேபிள் சொன்னதை எல்லாம் எப்படிக் கடைப்பிடிப்பது? பதில் எழுத உட்கார்ந்திருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும். 'இந்த நிபந்தனை இங்கே இந்தக் காரணத்தால் நிறைவேறுகிறது' என்ற வாக்கியத்தை முடிக்க முடியாமல் பேனா நின்றிருக்கும். சரியாக எழுதிய பதிலைவிட, எழுத முடியாமல் போகும் பதில் சொல்வதுதான் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. எந்த வேலையை எச்சரிக்கையோடு செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று அங்கேதான் பிரியும்.

1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தபோது என் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது வேறு உலகமாகத் தெரிந்தது. தோட்டத்திலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் ஏறினால் பழையதெல்லாம் பின்னால் போய்விடும் என்று நினைத்தோம். எதைத் தொடுகிறோம் என்று தெரியாமல் வேலை செய்வது மட்டும் பஸ்ஸில் கூடவே வந்துவிட்டது.

அந்த 'தொடாதே' வரிகளோடு இரண்டு வாரம் போராடினேன். அந்த நாலு வரி ஒரு சிப்பின் பதிவேட்டில் எழுதுவதற்கு முன் ஒரு குறுக்கீட்டை நிறுத்தி வைத்திருந்தது. வரிசை மாறினால் இயந்திரம் எப்போதாவது ஒருமுறை தப்பான அளவு காட்டும். 'தொடாதே'யை அழித்துவிட்டு ஆறு வரி எழுதினேன். எது நிற்க வேண்டும், ஏன், எந்த மாடல் சிப்புக்கு மட்டும் இது பொருந்தும், சிப் மாறினால் எதை மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதி, கடைசியில் தேதி போட்டேன்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். என்ன புரிந்ததோ, கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் பேரையும் போட்டியா?" என்று கேட்டார்.

போடவில்லை. மறுநாள் போய்ப் போட்டேன்.